ஹவுகன்ஸ்டுவா அக்காவுக்கு ஓர் அறிவிப்பு

விமான நிலையம் என்றால் எனக்குப் பயமில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அங்கே கால் வைத்ததுமே தடுமாறிவிடுவார்கள். கடவுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டே கடவுச்சீட்டைத் தேடுவார்கள். சீருடை போட்ட ஒருவர் சும்மா பார்த்தாலே செய்யாத குற்றத்துக்கு முகம் வெளிறும். எனக்கு அப்படி இல்லை. ஒஸ்லோவின் புறநகரான குரோருட்டில் நாங்கள் இருந்த தொடர்மாடியில் யார் பயணம் போனாலும் முதல் தொலைபேசி எனக்குத்தான் வரும். எத்தனை கிலோ கொண்டு போகலாம், எந்த ரயிலைப் பிடிக்கவேண்டும், மிளகாய்த்தூளை எதில் சுற்றினால் மணம் வராது, எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கேட்காதவர்களுக்கும் சொல்லுவேன்.

ஒஸ்லோ விமான நிலையம் எனக்குப் பிடித்த இடம் என்றே சொல்லலாம். உயரத்தில் மரக்கூரை, காலடியில் மரத்தரை. இத்தனை பேர் கூடுகிற இடத்தில் கோயில் திருவிழாச் சத்தம் கேட்கவேண்டும். ஆனால் அங்கே எல்லோரும் பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி அமைதியாக வரிசையில் நிற்பார்கள். நான் போய் நின்றால் அந்த அமைதி கொஞ்சம் கெடும். அதில் எனக்கு வெட்கமும் இல்லை. நோர்வேக்கு வந்த முதல் சில வருடங்கள் நாட்டின் வடகோடியில், ஹம்மர்பெஸ்ட்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவள் நான். குளிரில் விறைத்த விரல்களோடு மீனைக் கிழித்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற பெண்களிடம் கற்றதுதான் என் நோர்வேஜிய மொழி. வடக்கின் இழுவையும் வெட்டும் அதில் அப்படியே இருக்கும். தலைநகரத்துக்காரர் என் நிறத்தையும் பார்த்து, என் வாயிலிருந்து வரும் அந்தப் பேச்சையும் கேட்டுவிட்டு ஒரு கணம் திகைப்பார்கள். அந்த ஒரு கணம் போதும், நான் என் காரியத்தை முடித்துவிடுவேன்.

இப்படிப்பட்ட எனக்குத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

இலங்கையில் சண்டை ஓய்ந்திருந்த காலம். பாதைகள் திறந்திருந்தன. போகலாம் என்று முதலில் போய் வந்தவர்கள் சொன்னார்கள். திருகோணமலையில் என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நான் ஊரை விட்டு வரும்போது அவன் அரைக்காற்சட்டையோடு நின்றவன். எனக்கு அவன் ஒருவன், அவனுக்கு நான் ஒருத்தி. மணமேடையில் மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழியாக நிற்கவேண்டும். தாலி கட்டும்போது விளக்குப் பிடிப்பதும், மணப்பெண்ணின் தலைமுடியை விலக்கிக் கொடுப்பதும் அவள் பொறுப்பு. ஒன்றுவிட்ட சகோதரிகள் இரண்டு பேர் அதற்குத் தயாராக இருந்தார்களாம். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. தொலைபேசியில், “நீங்கள் வராட்டி அந்த இடத்திலை ஆரும் நிக்க வேண்டாம், வெறுமனே கிடக்கட்டும்” என்றான். அதன்பிறகு யார்தான் போகாமல் இருப்பார்கள்?

கல்யாணம் வெள்ளிக்கிழமை. எனக்குக் கிடைத்த ஒரே இடம் செவ்வாய்க்கிழமை லண்டனுக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குப் போகும் விமானத்தில். விடுமுறைக் காலம் என்பதால் அதைத் தவறவிட்டால் அடுத்த இடம் கல்யாணம் முடிந்த பிறகுதான் என்று பயணச்சீட்டு விற்ற பெண் ஒன்றுக்கு இரண்டு தரம் சொல்லியிருந்தாள்.

என் கணவருக்குச் செவ்வாய் என்றதுமே முகம் கோணிவிட்டது. மனிதர் பொறியியல் படித்தவர். ஆனால் சமையலறை அலமாரியில் பஞ்சாங்கம் இல்லாமல் அவருக்கு வருடம் பிறக்காது. “செவ்வாயோ வெறுவாயோ”, செவ்வாயில் தொடங்கியது வெறும் வாயோடுதான் முடியும் என்று இரண்டு நாட்கள் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார். விமானக்காரருக்கு வெறுவாய் தெரியாது, அவர்கள் பயணிகளுக்குச் சாப்பாடு கொடுப்பார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கடைசியில் எங்கள் ஆட்கள் செய்கிற ஒரு உபாயத்தைக் கையில் எடுத்தார். பயணம் போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில், பயணத்தில் கொண்டுபோகிற பொருள் ஒன்றை வீட்டிலிருந்து எடுத்துப்போய் வேறு ஒரு வீட்டில் வைத்துவிடவேண்டும். பொருள் வெளிக்கிட்டால் பயணம் வெளிக்கிட்ட மாதிரி. பிறகு ஆள் எந்த நேரத்தில் போனாலும், போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். நாளையும் கோளையும் ஏமாற்ற நம் முன்னோர் கண்டுபிடித்த குறுக்கு வழி.

திங்கட்கிழமை நல்ல நேரத்தில் ஏதாவது எடுத்துக்கொண்டு போங்கள், ஒரு சேலையோ செருப்போ, என்னை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் பெட்டி அடுக்குவதில் மூழ்கிவிட்டேன். அவர் ஒரு சிறிய மஞ்சள் துணிப்பையோடு ஹவுகன்ஸ்டுவாவுக்குப் போனார். எங்களுக்கு அடுத்த ரயில் நிறுத்தம் அது. அங்கே எங்களுக்கு நெருக்கமான ஒரு அக்கா இருந்தார். மட்டக்களப்பு ஆள். எங்களோடு இரத்த உறவு இல்லை. ஆனால் நான் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தபோது மருந்துச் சாமான்கள் அரைத்துச் சரக்குக் கறி காய்ச்சிக்கொண்டு பஸ் ஏறி வந்தவர் அவர்தான். அதற்கு மேல் என்ன உறவு வேண்டும்? ஹவுகன்ஸ்டுவா அக்கா என்றால் எங்கள் வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

மறுநாள் காலை கணவர் என்னை வழியனுப்ப வர, ரயிலில் போகும்போது ஹவுகன்ஸ்டுவாவில் நாங்கள் இறங்கவில்லை. பையை எடுக்கவேண்டாமா என்று கேட்டேன். அக்கா வேலைக்குப் போய்விட்டார், அங்கேயே கொண்டுவந்து தருவார் என்றார் கணவர். அக்கா விமான நிலையத்தில்தான் துப்புரவு வேலை பார்த்தார். ஒரு சேலைக்காகவா இவ்வளவு ஏற்பாடு என்று எனக்குள் சிரித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

பெட்டிகளைக் கொடுக்கும் வரிசையில் நின்று கைப்பையைத் திறந்தபோதுதான் எனக்கு விளங்கியது. பயணச்சீட்டு இருந்தது. கடவுச்சீட்டு இல்லை. எல்லோருக்கும் பாடம் எடுக்கிற நான், அதே பையின் அதே அறையில் நாலைந்து தரம் கையை விட்டுத் தேடினேன். பிறகு மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் கோயில் ஐயரின் அமைதி.

“பதட்டப்படாதையும். அது அக்காவிட்டை இருக்கு” என்றார். “பயணத்துக்கு உயிரான சாமானைத்தானே எடுத்து வைக்க வேணும்? சேலையை வைச்சால் சேலைதான் போய்ச் சேரும்.”

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. வரிசையில் நின்ற நோர்வேஜியர்களுக்குத் தமிழ் தெரியாதது அவருடைய அதிர்ஷ்டம்.

அவருடைய திட்டம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அக்கா விடியற்காலை வேலைக்கு வருவார். முதல் இடைவேளையில் வெளியே வந்து, வரிசைகளுக்கு முன்னால் இருக்கும் பெரிய தூணடியில் பையைக் கொடுப்பார். நாங்கள் தூணடியில் நின்றோம். இடைவேளை நேரம் வந்தது, போனது. அக்கா வரவில்லை. தொலைபேசி எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் அதை அலமாரியில் பூட்டிவைத்துவிடுவார்கள் என்பது கணவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேலையாள் ஒருவர் சுகமில்லை என்று வராததால் அக்காவை விமானம் ஏறுகிற தூரத்து வாசல்களின் பக்கம் அனுப்பிவிட்டார்கள் என்பதும், அங்கே இடைவேளையும் பிந்திவிட்டது என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. வரிசை குறுகிக்கொண்டே போனது. எனக்கு எதிரே பாதுகாப்புச் சோதனை வாசல். அதற்கு அப்பால் எங்கோ என் கடவுச்சீட்டு. கணவர் சொன்ன சாத்திரம் ஒரு குறையும் இல்லாமல் பலித்திருந்தது. என் பயணம் எனக்கு முன்னாலேயே வெளிக்கிட்டு, சோதனையும் முடித்து உள்ளே போய்விட்டது. நான்தான் வெளியே நின்றேன்.

தம்பியின் குரல் காதுக்குள் கேட்டது. அந்த இடம் வெறுமனே கிடக்கட்டும். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனால் எனக்கு அழுகை வந்தால் அதற்கு முன்னால் கோபம் வரும், கோபம் வந்தால் கால் நடக்கும். தகவல் மேசைக்கு நடந்தேன்.

அங்கே இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் வாய் திறந்ததும் எனக்கு மீன் தொழிற்சாலையின் குளிர் முதுகில் ஏறியது. அசல் வடக்கத்திப் பேச்சு. நானும் அதே பேச்சில் பதில் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். எங்கே வேலை செய்தேன், எந்த வருடம் என்று கேட்டார். சொன்னேன். அந்தத் தொழிற்சாலைக்கு மேலே மலைச்சரிவில்தான் தன் தாய் வீடு என்றார். சரி, பாதிக் காரியம் முடிந்தது என்று நினைத்தேன். உள்ளே வேலை செய்யும் துப்புரவுப் பெண்ணிடம் என் கடவுச்சீட்டு இருக்கிறது, அவரை ஒலிபெருக்கியில் கூப்பிடுங்கள் என்றேன்.

தாராளமாக, பேர் என்ன என்று அவர் கேட்டார்.

கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். பன்னிரண்டு வருடப் பழக்கம். எங்கள் வீட்டில் அக்கா கை நனைக்காத விசேஷமே இல்லை. அவருடைய முட்டுவலி எந்தக் காலில் என்பது தெரியும். கறிக்கு எத்தனை கரண்டி உப்புப் போடுவார் என்பது தெரியும். பேர் தெரியாது. அக்கா அக்காதானே. மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கூப்பிடாத பேரை யார் கேட்டு வைத்தார்கள்? எங்கள் கைத்தொலைபேசியிலும் அவர் ‘ஹவுகன்ஸ்டுவா அக்கா’ தான்.

பிரதமரைக்கூட முதற்பேர் சொல்லிக் கூப்பிடுகிற நாட்டில் இதை எப்படி விளக்குவது? விளக்கினேன். அவர் எனக்குத் தமக்கை மாதிரி, அதனால் எனக்கு அவருடைய பேர் தெரியாது என்றேன். சொல்லும்போதே அது பைத்தியக்காரத்தனமாகத்தான் கேட்டது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, தங்கள் ஊரில் தன் தகப்பனாரை எல்லோரும் அவருடைய படகின் பேரால்தான் கூப்பிட்டார்கள், அவருடைய சொந்தப் பேரைச் சவ அடக்கத்தில்தான் பலபேர் முதன்முதலாகக் கேட்டார்கள் என்றார். ஆனால் ஹவுகன்ஸ்டுவாவின் தமக்கையே என்று தான் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று கேட்டார்.

நீங்கள் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள், நான் கூப்பிட்டால் வருவார்கள் என்றேன்.

அது முடியாது, நோர்வேஜிய மொழியும் ஆங்கிலமும் மட்டும்தான் என்றார். நான் நகரவில்லை. வெள்ளிக்கிழமை, தம்பி, விளக்கு, வெறுமனே கிடக்கப்போகும் அந்த இடம், எல்லாவற்றையும் மீன் கிழிக்கிற வேகத்தில் சொன்னேன். என்ன சொல்லப்போகிறாய் என்று வரிக்கு வரி மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, தான் பேனா தேடப்போவதாகச் சொல்லி ஒலிவாங்கியை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். பேனா அவர் கையிலேயே இருந்தது.

எத்தனையோ பேருக்கு விமான நிலையத்தைப் பற்றி விளக்கம் சொன்ன எனக்கு, விமான நிலையத்துக்கே பேசக் கிடைத்தது அன்றைக்குத்தான். குரல் நடுங்கவில்லை.

“ஹவுகன்ஸ்டுவா அக்கா, குரோருட்டிலை இருக்கிற நான் கதைக்கிறன். என்ரை பாஸ்போட் உங்களிட்டைக் கிடக்கு. நான் வெளியாலை தகவல் மேசையடியிலை நிக்கிறன். பிளேன் வெளிக்கிடப் போகுது. கேக்கிற தமிழ் ஆக்கள் ஆராவது அக்காவைக் கண்டால் சொல்லிவிடுங்கோ. வெள்ளிக்கிழமை தம்பியின்ரை கலியாணம், நான்தான் தோழி.”

மரக்கூரைக்குக் கீழே என் குரல் எனக்கே திரும்பி வந்தது. அந்தப் பெரிய மண்டபம் முழுவதும், நான் பார்க்க முடியாத வாசல்கள் வரைக்கும், தமிழ். வரிசைகளில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கணவர் தலையைத் தடவிக்கொண்டு, தோழி என்றது தேவையா என்று மெதுவாகக் கேட்டார். தேவைதான். எதற்காக ஓடவேண்டும் என்று தெரிந்தால்தான் ஆட்கள் ஓடுவார்கள்.

முதலில் வந்தது நான் எதிர்பார்க்காத ஒருவர். பெட்டி கொடுக்கும் வரிசையில் நின்ற தமிழ்நாட்டு இளைஞர், கணினி வேலைக்காக வந்திருந்தவர். “தமிழ்ல கேட்டதும் எனக்கு ஒண்ணுமே புரியல மேடம், தூங்கி சென்னைலயே எறங்கிட்டனோன்னு நெனச்சேன்” என்றார். தான் வரிசையில் முன்னுக்கு வந்துவிட்டதாகவும், என் பெட்டியைத் தன் பெட்டிக்கு முன்னால் வைத்துக்கொள்வதாகவும் சொல்லி அதைத் தள்ளிக்கொண்டு போனார். பேசுகிற தமிழ் வேறு, பெட்டி தள்ளுகிற தமிழ் ஒன்றுதான்.

பிறகு பணியாளர்களுக்கான பக்கத்துக் கதவு திறந்தது. சமையலறையிலிருந்து வெள்ளைத் தொப்பியோடு ஒரு அண்ணன் வந்தார். பெட்டி ஏற்றும் பகுதியிலிருந்து பளிச்சென்ற மஞ்சள் மேலங்கியோடு ஒருவர். வாசனைத் திரவியக் கடையிலிருந்து ஒரு பிள்ளை, நோர்வேயில் பிறந்தவள், “அன்ரி, என்ன நடந்தது?” என்று கேட்டாள். இன்னும் இரண்டு பேர் வாளியோடு. அத்தனை தரம் அந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். கதவுகளுக்குப் பின்னால் இத்தனை பேர் இருப்பது எனக்குத் தெரியாது. விமான நிலையத்தை எனக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அவர்களில் ஒவ்வொருவருக்கும் என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு அதனால் மகிழ்ச்சிதான் கூடியது. சொந்த வீட்டில் நிற்கிற மாதிரி இருந்தது.

அக்கா கடைசி வாசலில் தரை துடைக்கிற இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார், அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்டிருக்காது, ஆள் போயிருக்கிறது என்று வெள்ளைத் தொப்பி அண்ணன் சொன்னார். சொல்லி முடிக்கும்போதே கதவு மறுபடி திறந்தது. அக்கா ஓடி வந்தார். முட்டுவலிக்கார அக்கா ஓடி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு கையில் இறப்பர் கையுறை, மறு கையில் மஞ்சள் துணிப்பை. மூச்சு வாங்க என் கணவரைப் பார்த்து, “தம்பி, இதுக்குள்ளை பாஸ்போட் கிடக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதே? நான் சேலையெண்டெல்லோ நினைச்சனான்” என்றார். பையை அவர் திறந்தே பார்க்கவில்லை. இரவு சாமித்தட்டில் வைத்து, காலையில் அப்படியே திருநீற்றோடு எடுத்து வந்திருந்தார்.

தகவல் மேசைப் பெண் எட்டிப் பார்த்து, இப்போதாவது பேர் தெரியுமா என்று என்னிடம் கேட்டார். நான் அக்காவிடம் திரும்பினேன்.

“அக்கா, உங்கடை பேர் என்ன?”

“இத்தினை வருசத்துக்குப் பிறகு கேக்கிறீரோ?” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மிகவும் அழகான பேர். தகவல் மேசைப் பெண் அதைத் தன் வடக்கத்தி நாக்கில் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். நான் அதை அதன்பிறகு ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, இங்கே எழுதவும் போவதில்லை. அக்கா அக்காதான்.

பெட்டியை வாங்கிய பெண்ணிடம் பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்துக் கொடுத்தபோது பையில் இருந்த திருநீறு அவளுடைய விசைப்பலகையில் கொட்டியது. ஊதிவிட்டு இருக்கை எண்ணை அடித்துத் தந்தாள்.

சோதனை வாசலில் கணவர் தயங்கித் தயங்கி நின்றார். இன்னும் நாலு வார்த்தை பேசத்தான் எனக்கு எண்ணம். அவர் முந்திக்கொண்டார்.

“ஊரிலை இருந்து முதல்தரம் செவ்வாய்க்கிழமைதான் வெளிக்கிட்டனீர் எண்டு ஒருக்காச் சொன்னனீர்” என்றார். “பிறகு கொப்பரைக் காணக் கிடைக்கேல்லை. அதுதான் இந்தமுறை நான் ஒண்டையும் விட்டுவைக்கேல்லை.”

எப்போது சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அப்பா போன செய்தி வந்த அன்றைக்குச் சொல்லியிருப்பேன். அவர் அதை இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறார். இத்தனை பேருக்கு நடுவில் அவர் கையைப் பிடித்தேன். எங்கள் ஆட்கள் வாளியோடும் தொப்பியோடும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், நின்றால் என்ன?

லண்டனில் மாறி, கொழும்பில் இறங்கி, வெயிலும் வியர்வையுமாகக் கட்டுநாயக்கா விமான நிலைய வாசலுக்கு வந்தேன். கம்பித் தடுப்புக்கு அப்பால் ஒரு ஊரே நின்றது. பேர் எழுதிய அட்டைகளைத் தலைக்கு மேலே பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தேன். என் பேர் எதிலும் இல்லை. அரைக்காற்சட்டைப் பையன் எவனும் அங்கே இல்லை. மீசை வைத்த ஆண்கள் நூறு பேர் நின்றார்கள், அதில் எது என் தம்பி என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது கூட்டத்துக்குள் இருந்து ஒரு குரல், “அக்கா” என்றது.

என்னோடு வந்திறங்கிய பெண்கள் ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. பெட்டியைப் போட்டுவிட்டு அந்தக் குரலை நோக்கி ஓடினேன்.